ராத்திரியில் மட்டும் கொதிக்கிற நானோ: வீட்டு அலாரத்தில் இது மூன்றாவது போர்டு

வளவுக்காரன் | ஞாயிறு, மாலை 6.12

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவன், இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

எங்களுடையது செட்டிநாட்டுப் பழைய வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று போய் வாசல் ஒரு தெருவிலும் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலும் முடியும். பங்காளிகள் ஆறு புள்ளி (குடும்பம்), ஒருவரும் ஊரில் இல்லை, பொங்கலுக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் எல்லாரும் கூடுவோம். பகலில் ஒரு அக்கா வந்து பின்கட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு விளக்கு வைத்ததும் பூட்டிக்கொண்டு போய்விடுவார். ராத்திரி ஒரு ஜீவன் கிடையாது. பக்கத்தில் ஒரு பூட்டிய வீட்டில் நிலைக்கதவின் செதுக்குப் பலகையையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், அதனால்தான் இந்த அலாரம்.

ஆர்டுயினோ நானோ (ப்ரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன போர்டு) ஒன்று. ஆறு ஸோன் (காவல் பார்க்கிற இடம்): நான்கு கதவுகளுக்குக் காந்த சுவிட்ச், வளவிலும் பின்கட்டிலும் ஆள் நடமாட்டம் பார்க்கிற பிஐஆர் சென்சார். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, அதற்குச் சார்ஜர், ஹூட்டர், எஸ்எம்எஸ் அனுப்ப சிம்800எல். பெட்டி முகப்பு அறையில் இருக்கிறது. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று பங்காளிகள் கண்டிப்பு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகின சுண்ணாம்பு, ஒரு ஆணி அடித்தால் கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும்), ஆகவே கம்பியெல்லாம் உத்தரத்தின் மேல் ஓடுகிறது. பின்கட்டுக்குப் போகிற கம்பி மட்டும் எப்படியும் 60 மீட்டர் வரும்.

பிரச்சினை: நானோ கொதிக்கிறது. முதல் போர்டு இரண்டு மாதத்தில் செத்தது. இரண்டாவது மூன்று வாரம். இப்போது மூன்றாவது ஓடுகிறது, இதுவும் விரல் வைக்க முடியாத சூடு. வேடிக்கை என்னவென்றால் பகலில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ராத்திரியில்தான் கொதிக்கிறது. சித்திரை வெயிலில் பகலில் சும்மா இருந்துவிட்டு ராத்திரி குளிர்ந்த பிறகு சூடாகிற எலக்ட்ரானிக்ஸை நான் பார்த்ததில்லை.

ஈயப்புகை | ஞாயிறு, மாலை 6.40

பேட்டரியை நேராக நானோவின் வின் காலில் (வெளி வோல்டேஜ் நுழைகிற முனை) கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இதில் மர்மமே இல்லை. போர்டில் இருப்பது 1117 வகை ரெகுலேட்டராக (வோல்டேஜை 5க்கு இறக்கி நிறுத்துகிற சிப்) இருக்கும், மிச்ச வோல்டேஜை எல்லாம் சூடாக்கித்தான் கழிக்கும். சார்ஜர் ஓடும்போது பேட்டரி 13.7 வோல்ட். 5 போனால் 8.7. உங்கள் ரிலே (கரண்டில் இயங்குகிற சுவிட்ச்) 5 வோல்ட் நீலப் பெட்டி ரிலேதானே, காயிலுக்கு மட்டும் 70 மில்லி ஆம்பியர், எல்சிடி, போர்டு எல்லாம் சேர்ந்து 120 என்று வையுங்கள். 8.7ஐ 0.12ஆல் பெருக்கினால் ஒரு வாட்டுக்கு மேல். அரிசி அளவு சிப், நானோவில் அதற்கடியில் செம்பும் கிடையாது, எங்கே போகும் அந்தச் சூடு?

ஒரு எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (அவ்வளவாகச் சூடாகாமல் வோல்டேஜை இறக்குவது) வாங்கி 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து நேராக 5வி காலில் கொடுங்கள். ரிலேயையும் 12 வோல்ட் ரிலேயாக மாற்றி யுஎல்என்2003 (ரிலேயை இயக்கிக் கொடுக்கிற சிப்) வழியாக ஓட்டுங்கள். தீர்ந்தது.

தேவகோட்டையான் | ஞாயிறு, இரவு 7.05

தம்பி, பூட்டிக் கிடக்கிற வீடு, ராத்திரி ஆள் இல்லை, அலாரம் வேலை செய்யவில்லை, பின்கட்டில்தான் பிரச்சினை. எல்லாம் எழுதிவிட்டீர்கள், சாவி எந்தத் தொட்டியின் கீழ் என்பது ஒன்றுதான் பாக்கி. உங்கள் ப்ரொஃபைலில் ஊர்ப் பெயர் இருக்கிறது, முதலில் அதை எடுங்கள்.

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 7.20

எடுத்துவிட்டேன் அண்ணே, நன்றி. இது மண்டையில் ஏறவே இல்லை.

ஈயப்புகை, நீங்கள் சொன்னதெல்லாம் இரண்டாவது போர்டு போனபோதே செய்தாகிவிட்டது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. பக் போட்டாயிற்று, ரிலே 12 வோல்ட், யுஎல்என் எல்லாம் இருக்கிறது. சிம்800எல்லுக்கும் தனி பக், 4 வோல்ட். போர்டின் ரெகுலேட்டர் இப்போது வேலையே செய்வதில்லை. ஆனாலும் சூடு.

சிங்கப்பூர்_புள்ளி | ஞாயிறு, இரவு 8.31

நானும் நம்ம பக்கம்தான், எங்கள் வீட்டிலும் இதே தலைவலி இருந்தது. ரெடிமேட் பேனல் ஒன்று வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. மூன்று போர்டு, அலைச்சல், ஊருக்கு வந்து போகிற செலவு எல்லாம் கணக்குப் பார்த்தால் அந்தக் காசு எப்போதோ வந்திருக்கும். இல்லையென்றால் ஒரு சின்ன ஃபேன் வைத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

பழைய_ரேடியோ | ஞாயிறு, இரவு 9.02

ஃபேன் வேண்டாம். காய்ச்சலுக்கு விசிறி வீசுகிற கதை. அந்த சிப் ஒழுங்காக ஓடினால் 16 மெகாஹெர்ட்ஸில் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், அதாவது வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. விரலுக்குத் தெரியவே கூடாது. தெரிகிறது என்றால் எங்கோ எதுவோ தவறாகப் பாய்கிறது.

தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எது சூடு? "போர்டு சூடு" என்பது போதாது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் போர்டு முழுக்கத் தடவுங்கள், எந்த இடம் முதலில் காய்கிறதோ அதுதான் ஆள். அப்புறம் 5வி காலில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், பக்கில் இல்லை, நானோவின் காலிலேயே. கடைசியாக, பக்குக்கும் நானோவுக்கும் நடுவில் மீட்டரைத் தொடராகப் போட்டு எத்தனை மில்லி ஆம்பியர் என்று பாருங்கள். ராத்திரி பாருங்கள், சூடாக இருக்கும்போது.

தேவகோட்டையான் | ஞாயிறு, இரவு 9.15

பேட்டரியையும் ஒரு தடவை பாருங்கள். அந்த அறை அடைத்தே கிடக்கும். 13.7 என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு, வெப்பம் ஏற ஏறக் குறைக்க வேண்டும், 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்குச் சுமார் 18 மில்லிவோல்ட். 40 டிகிரியில் கால் வோல்ட்டுக்கு மேல் குறைய வேண்டும், சாதாரண சார்ஜர் அதெல்லாம் பார்க்காது, பேட்டரி உள்ளே காய்ந்துபோகும். சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடியிலேயே பாதிப் பேர் பேட்டரியை இப்படித்தான் கொல்கிறார்கள்.

ஈயப்புகை | ஞாயிறு, இரவு 9.18

அண்ணே அது வேறு நோய். இங்கே நானோ.

வளவுக்காரன் | திங்கள், இரவு 10.47

லீவு போட்டுவிட்டு ஊரில்தான் இருக்கிறேன், அதனால் உடனே பார்க்க முடிந்தது.

ஸ்பிரிட் முதலில் காய்ந்தது நடுவில் இருக்கிற ஏடிமெகா328பி மேல்தான், சந்தேகமே இல்லை, மற்ற இடம் ஈரமாக இருக்கும்போதே அது உலர்ந்துவிட்டது. ரெகுலேட்டர் குளிர்ச்சி.

5வி காலில் 5.9 வோல்ட். பக் நகர்ந்துவிட்டது போல என்று அதன் திருகைத் திருப்பிக் குறைக்கப் பார்த்தேன், எத்தனை சுற்று சுற்றினாலும் இறங்கவே இல்லை, பக் பழுது என்று நினைக்கிறேன். பழையபடியே திருப்பி வைத்துவிட்டேன்.

கரண்ட் 4 மில்லி ஆம்பியர். நாலு. சிம்னி விளக்கு மாதிரி கொதிக்கிறது, எடுப்பது நாலு. மீட்டரும் பழுதா என்று இன்னொரு மீட்டர் வைத்துப் பார்த்தேன், அதுவும் அதே.

ஈயப்புகை | திங்கள், இரவு 11.01

4 மில்லியில் எதுவும் சூடாகாது, ஃபிஸிக்ஸ் விடாது. போலி சிப்பாக இருக்கும். விலை குறைந்த நகல் போர்டுகளில் என்னென்னவோ போடுகிறார்கள். அடுத்த முறை சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவில் நேராகப் பார்த்து நல்ல போர்டாக வாங்கி வந்து போடுங்கள், பக்கையும் மாற்றுங்கள். 5.9 கொடுக்கிற பக்கை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, அந்த சிப்புக்கு 6 வோல்ட்தான் உச்சம், அதற்கு மேல் போனால் போச்சு.

கோடு_மட்டும் | திங்கள், இரவு 11.20

கம்பி விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டு மீட்டர் பொய் சொல்லுமா? கோடை (நானோவின் ப்ரோகிராமை) இங்கே ஒட்டுங்கள், ஏதாவது காலை அவுட்புட்டாக வைத்து எதிரே இன்னொன்றோடு மோத விட்டிருக்கிறீர்களா என்று பார்க்கலாம். இன்புட்டாக இருக்க வேண்டிய கால் அவுட்புட் ஆகி ஹையில் (5 வோல்ட்டில்) நின்றால், வெளியே சுவிட்ச் கிரவுண்டுக்கு மூடியதும் சிப் சூடாகும், நானே ஒரு தடவை அனுபவித்திருக்கிறேன்.

வளவுக்காரன் | திங்கள், இரவு 11.34

கோடை இணைத்திருக்கிறேன். கேவலமாக இருக்கும், சிரிக்க வேண்டாம்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 5.50

வயதானால் தூக்கம் கிடையாது, இதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். தம்பி, ஒரு கேள்வி. 4 மில்லி என்றீர்களே, மீட்டரில் முதலில் தெரிந்தது 4ஆ, மைனஸ் 4ஆ?

வளவுக்காரன் | செவ்வாய், காலை 7.15

ஐயா, உங்களுக்கு எப்படித் தெரியும்? மைனஸ் 4தான் காட்டியது. சிவப்பு கறுப்பை மாற்றிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து மாற்றிப் பிடித்தேன், பிளஸ் 4 ஆனது, அதைத்தான் எழுதினேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பக் சுவிட்சை அணைத்தாலும் போர்டில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கெபாசிட்டரில் மிச்சம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 7.22

எவ்வளவு நேரம் எரியும்?

வளவுக்காரன் | செவ்வாய், காலை 7.31

டீக்கடைக்குப் போய்விட்டு வந்தேன், அப்போதும் எரிந்தது.

ஈயப்புகை | செவ்வாய், காலை 7.40

டீ குடித்து முடிகிற வரைக்கும் எரிய அதில் என்ன கெபாசிட்டர் இருக்கிறது, குடமா? சரி, போலி சிப் கதையை வாபஸ் வாங்குகிறேன்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 8.10

வாங்கிக்கொள்ளுங்கள். பக்கும் நல்ல பக்தான், அதையும் திட்டாதீர்கள்.

மீட்டர் சொல்வது இதுதான்: பக்கிலிருந்து நானோவுக்கு எதுவும் போகவில்லை, நானோவிலிருந்துதான் பக்குக்குள் திரும்பி வருகிறது. பக் 5 வோல்ட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, வெளியே ஏற்கனவே 5.9 இருக்கிறது, நம்ம வேலை முடிந்தது என்று அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் திருகுக்குப் பக்கத்து ரெசிஸ்டர் வழியாக அந்த 4 மில்லி கசிகிறது. பக்கால் கொடுக்க முடியும், வந்ததை வாங்கிக் கீழே இறக்க முடியாது, அதனால்தான் திருகைத் திருப்பியும் இறங்கவில்லை. ஆக உங்கள் நானோவுக்கு வேறு ஒரு வாசல் வழியாகச் சாப்பாடு வருகிறது. நீங்கள் முகப்பைப் பூட்டிவிட்டுக் காவல் இருக்கிறீர்கள், ஆள் கொல்லைப்புறமாக வந்துபோய்க்கொண்டிருக்கிறான்.

நானோவின் ஒவ்வொரு காலுக்கும் உள்ளே இரண்டு டயோடு உண்டு, ஒன்று 5 வோல்ட்டை நோக்கி, ஒன்று கிரவுண்டிலிருந்து. காலில் 5க்கு மேல் அரை வோல்ட் கூடினாலே மேல் டயோடு திறந்துகொள்ளும். ரீசெட் காலுக்கு மட்டும் வேறு கணக்கு. இந்த டயோடு ஏதோ ஒரு நொடி வருகிற பொறியைத் தடுக்க வைத்தது, நிரந்தரமாக ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் அதில் ஓடக்கூடாது. உங்கள் காலில் எதிலோ பேட்டரியின் 12 வோல்ட் வந்து நிற்கிறது. இன்புட்டுக்குத் தொடராக ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா, எத்தனை ஓம்?

வளவுக்காரன் | செவ்வாய், காலை 8.26

எல்லா ஸோனுக்கும் 100 ஓம், கையில் இருந்தது அதுதான். கால் வாட்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 8.33

ஆறையும் உற்றுப் பாருங்கள், ஒன்று நிறம் மாறியிருக்கும்.

கோடு_மட்டும் | செவ்வாய், காலை 8.35

நான் கோடைப் படித்துவிட்டேன், அவுட்புட் மோதல் எதுவும் இல்லை. ஆனால் ஆறு ஸோன் என்றீர்கள், லூப்பில் ஐந்துதான் இருக்கிறது. நாலாவது ஸோன் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு மூடிவைத்திருக்கிறீர்கள். அது எந்த இடம்?

வளவுக்காரன் | செவ்வாய், காலை 8.52

அதுவா. அது பின்கட்டு பிஐஆர். மாட்டின நாளிலிருந்து எப்போதும் "திருடன் திருடன்" என்றே காட்டிக்கொண்டிருந்தது, யாரும் இல்லாவிட்டாலும் ஓயாது. வயரிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோடில் அந்த ஸோனை அடைத்துவிட்டேன். அதனால் அது இதில் சம்பந்தப்படாது.

ரெசிஸ்டர் பார்த்தேன். நாலாவது ஸோனுடையது கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. கலர் பட்டையே தெரியவில்லை.

தேவகோட்டையான் | செவ்வாய், காலை 8.58

கோடில் அடைத்தால் கம்பியில் அடைபடுமா தம்பி!

வளவுக்காரன் | செவ்வாய், காலை 9.01

...

ஐயோ.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 9.20

பதற வேண்டாம், கம்பியைப் பிடுங்கவும் வேண்டாம், அதற்கு முன்னால் ஒரு சோதனை. எனக்கு உங்கள் ராத்திரிச் சூடும் இப்போதுதான் புரிகிறது, ஆனால் நான் சொல்லி நீங்கள் நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. நானோவின் 5வி காலில் மீட்டரை வைத்துக்கொண்டு நீங்கள் முகப்பில் இருங்கள். பின்கட்டில் அந்த அக்காவைச் சென்சாருக்கு முன்னால் முதலில் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள், அப்புறம் கையை ஆட்டச் சொல்லுங்கள். போனில் பேசிக்கொண்டே பாருங்கள்.

வளவுக்காரன் | செவ்வாய், மதியம் 12.40

செய்தாயிற்று. இந்த மாதிரி ஒரு மதியத்தை நான் மறக்கப்போவதில்லை.

அக்கா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார், கரண்டியோடு வந்து நின்றார். நிற்கும்போது 5.9. "கையை ஆட்டுங்க அக்கா" என்றேன், டக்கென்று 5.0. "நிறுத்துங்க" என்றேன், இரண்டு மூன்று நொடி கழித்து மறுபடியும் 5.9. மறுபடி ஆட்டு, 5.0. எட்டுத் தடவை பார்த்தேன். கடைசியில் அக்கா "என்ன தம்பி, நான் கை ஆட்டினா அங்க கரண்டு எறங்குதா, அப்ப ஈபி பில்லுக்கும் இதயே செய்யலாமே" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பழைய_ரேடியோ | செவ்வாய், மதியம் 1.15

அக்காவுக்கு என் வணக்கம். விஷயம் இதுதான்: அந்தச் சென்சாருக்குள்ளே இருக்கிற ரிலே, ஆள் இல்லாதபோது மூடியிருக்கும், ஆள் அசைந்தால் சில நொடி திறக்கும். மூடியிருக்கும்போது உங்கள் சிக்னல் கம்பி கிரவுண்டோடு சேர வேண்டும், உங்களுடையது பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கிறது. ஆள் இல்லாதபோதெல்லாம் 13 வோல்ட்டுக்கு மேல் நானோவின் காலில். 13.6இல் 5.9உம் டயோடின் 0.7உம் போனால் 7, 100 ஓமில் 70 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் அரை வாட், கால் வாட் ரெசிஸ்டர் கருப்பட்டி ஆகாமல் என்ன செய்யும். மிச்சம் சிப்புக்குள்ளே போகிறது, அந்த 70இல் பெரும்பகுதியை அதுதான் தின்று தீர்க்கிறது, இன்றைய நிலையில் அந்தக் கால் உள்ளே ஏற்கனவே பாதி வெந்திருக்கும். பகலில் அக்கா நடமாடுகிறார், ரிலே திறந்து திறந்து மூடுகிறது, சிப்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. விளக்கு வைத்து அவர் பூட்டிக்கொண்டு போனதும் விடிய விடிய வேகிறது.

எப்போதும் "திருடன்" என்று காட்டியதும் அதனால்தான். மூடியிருந்தால் 12 வோல்ட், அதுவும் ஹை. திறந்தால் புல்-அப் (காலை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்), அதுவும் ஹை. உங்கள் கோடுக்கு லோ என்பதே வரவில்லை.

கோடு_மட்டும் | செவ்வாய், மதியம் 1.22

அடடா. ஆள் வந்தால் சிப் குளிரும், ஆள் இல்லாவிட்டால் கொதிக்கும். ஒரு விதத்தில் திருடனைக் கண்டுபிடிக்கத்தான் செய்கிறது, சொல்லும் விதம்தான் வேறு.

வளவுக்காரன் | செவ்வாய், மாலை 5.55

ஏணி போட்டு ஏறிச் சென்சாரைத் திறந்தேன். தப்பு அங்கேதான், அதைச் செய்தவனும் நானேதான், எலக்ட்ரீஷியன் மேல் பழி போடலாம் என்று ஆசையாக இருந்தது, ஆனால் அன்றைக்கு எலக்ட்ரீஷியனே இல்லை.

நடந்தது இப்படி. வாங்கின கம்பி இரண்டாங்கட்டோடு தீர்ந்துபோனது, மிச்சத்துக்கு வீட்டில் கிடந்த பழைய டெலிபோன் கம்பியை ஒட்டுப் போட்டேன். நிறம் மாறிவிட்டது, சிவப்பு கறுப்பு போய் நீலமும் வெள்ளையும். நீலம்தான் மைனஸ் என்று நினைத்து மைனஸ் திருகில் நீலத்தை வைத்து, அதே திருகிலிருந்து ரிலேயின் சி (பொது) முனைக்கு ஒரு சின்னத் துண்டுக் கம்பியைப் பாலமாகக் கொடுத்தேன், வளவுச் சென்சாரிலும் அப்படித்தான் செய்திருந்தேன். சென்சார் உயிர் பெறவில்லை. ஓ, பிளஸ் மைனஸ் மாறிவிட்டது என்று நீலத்தைக் கழற்றிப் பிளஸ்ஸிலும் வெள்ளையை மைனஸிலும் மாட்டினேன், விளக்கு எரிந்தது, இறங்கிவிட்டேன். நீலத்தோடு சேர்த்து முறுக்கியிருந்த அந்தப் பாலமும் கூடவே பிளஸ்ஸுக்குப் போய்விட்டது. இருட்டுகிற நேரம், ஏணி மேல், வௌவால் வேறு. கவனிக்கவில்லை.

பாலத்தை மைனஸுக்கு மாற்றிவிட்டேன். நானோவை மாற்றவில்லை. இப்போது 5வி காலில் 5.03. கரண்ட் பிளஸ் 48 மில்லி ஆம்பியர், குறியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். லேசாகச் சூடு இருக்கிறது இன்னும்.

பழைய_ரேடியோ | செவ்வாய், மாலை 6.20

48 அதிகம். சும்மா இருக்கிற நானோ இருபதை ஒட்டி எடுக்கும், நீங்கள் எல்சிடி விளக்கை அணைத்துத்தானே அளந்தீர்கள்? அப்படியென்றால் அந்தக் கால் உள்ளே ஒழுகுகிறது. இந்த போர்டை வீட்டுக் காவலுக்கு வைக்காதீர்கள், எல்.இ.டி சிமிட்டப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். புதிதைப் போடுங்கள், ஆனால் போடுவதற்கு முன்னால் அந்த 100 ஓம்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் 10கே (பத்தாயிரம் ஓம்) போடுங்கள். நாளைக்கு யாராவது மறுபடி 12 வோல்ட்டைக் கொண்டுவந்து சேர்த்தாலும் 0.8 மில்லி ஆம்பியர்தான் போகும், சிப் தாங்கும்.

ஈயப்புகை | செவ்வாய், மாலை 6.34

ஆனால் கோடில் உள் புல்-அப்பைத்தான் பயன்படுத்துகிறார். அதை வைத்துக்கொண்டு 10கே போட்டால் சிக்கல். உள் புல்-அப் 20கே முதல் 50கே வரை எதுவாகவும் இருக்கும். 20கேவாக இருந்துவிட்டால், சுவிட்ச் மூடும்போது காலில் 1.67 வோல்ட் நிற்கும், லோ என்று உறுதியாக எடுத்துக்கொள்ள 1.5க்குக் கீழே வர வேண்டும். சில போர்டில் ஓடும், சிலதில் ஓடாது, அப்புறம் இங்கே இன்னொரு இழை திறப்பார். போலி சிப் என்று சொன்னதற்குப் பரிகாரமாக இதையாவது சரியாகச் சொல்கிறேன்.

பழைய_ரேடியோ | செவ்வாய், மாலை 6.41

சரியான பிடி, நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோடில் உள் புல்-அப்பை எடுத்துவிட்டு, கம்பி பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் 4.7கே வெளியிலிருந்து 5 வோல்ட்டுக்கு. அங்கிருந்து 10கே வழியாக நானோ கால். காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். 60 மீட்டர் கம்பி என்பது ஆன்டெனா, ஐப்பசியில் இடி இடித்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது, அந்தக் கெபாசிட்டர் சின்னச் சின்னப் பொறிகளை விழுங்கிவிடும். 4.7கே வழியாக 12 வோல்ட் ஏறினாலும் இரண்டு மில்லி ஆம்பியருக்குள்தான், அது நேராக 5 வோல்ட் லைனுக்குப் போகும், காலுக்குள் போகாது, போர்டு தின்றுவிடும்.

மனசுக்கு முழு நிம்மதி வேண்டுமென்றால் ஸோனுக்கு ஒரு பிசி817 ஆப்டோகப்ளர். கம்பியெல்லாம் 12 வோல்ட் பக்கமே நிற்கும், 2.2கே வழியாக உள்ளே இருக்கிற விளக்கை எரிக்கும், நானோ அந்த வெளிச்சத்தை மட்டும் பார்க்கும். இடியோ, தப்பு வயரிங்கோ, செத்தால் சாவது சில ரூபாய் ஆப்டோ. நான் என்றால் பின்கட்டுக்கும் கொல்லைக் கதவுக்கும் மட்டுமாவது அதைத்தான் போடுவேன். ரிலே யுஎல்என்னில் ஓடுவதால் காயிலுக்கு டயோடு உள்ளேயே இருக்கிறது, ஒன்பதாவது காலை 12 வோல்ட்டில் சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள், நிறைய பேர் விட்டுவிடுவார்கள். பேட்டரியிலிருந்து சென்சார்களுக்குப் போகிற கம்பியில் அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று.

தேவகோட்டையான் | செவ்வாய், மாலை 6.50

சிம்800எல்லில் எந்த சிம்? ஜியோ என்றால் வேலைக்கு ஆகாது, அந்த மாட்யூல் 2ஜி, ஜியோவில் 2ஜியே கிடையாது. இதையும் இப்போதே கேட்டுவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் ஒரு இழை.

வளவுக்காரன் | செவ்வாய், இரவு 7.30

ஏர்டெல் அண்ணே, எஸ்எம்எஸ் போகிறது, பங்காளிகள் ஆறு பேருக்கும்.

சிங்கப்பூர்_புள்ளி | செவ்வாய், இரவு 9.44

ரெடிமேட் வாங்கச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு ரெடிமேட் பேனலிலும் "பைபாஸ்" செய்து வைத்த ஒரு ஸோன் ஏழு மாதமாக அப்படியே கிடக்கிறது என்பது ஞாபகம் வந்தது. வேலையைப் பார்க்கிற அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறேன்.

வளவுக்காரன் | சனி, காலை 6.30

புது நானோ போட்டாயிற்று. பின்கட்டுக்கும் கொல்லைக் கதவுக்கும் பிசி817, மற்றதற்கெல்லாம் 4.7கே, 10கே, 100 நானோ. ஒன்பதாவது கால் உண்மையிலேயே எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது ஐயா, சேர்த்துவிட்டேன். கரண்ட் 23 மில்லி ஆம்பியர், பிளஸ். நேற்று ராத்திரி பதினொன்றுக்கும் இரண்டுக்கும் எழுந்து போய் விரல் வைத்துப் பார்த்தேன், மேசைப் பலகையும் சிப்பும் ஒரே சூடு, எது எது என்று தெரியவில்லை.

கோடில் நாலாவது ஸோனின் சாய்கோட்டையும் எடுத்துவிட்டேன். அது வேலை செய்கிறதா என்று தனியாகச் சோதிக்க அவசியம் வரவில்லை. இன்றைக்கு விடியற்காலை 4.50க்கு அக்கா வாசல் தெளிக்க வழக்கம்போலக் கொல்லைக் கதவைத் திறந்து பின்கட்டு வழியாக வந்தார். ஹூட்டர் கிளம்பி, இரண்டு தெருவும் எழுந்து, ஆறு பங்காளிகளுக்கும் எஸ்எம்எஸ் போய், கோலாலம்பூரிலிருந்து பெரியப்பா போன் போட்டு "என்னப்பா, எத்தனை பேர் வந்தான்?" என்று கேட்டார். அக்கா கையில் வாளியோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார், "கை ஆட்டட்டுமா தம்பி" என்கிறார்.

கோடு_மட்டும், ஒவ்வொரு ஸோனுக்கும் தனித்தனி நேரமும், உள்ளே வந்து அணைக்க முப்பது நொடி அவகாசமும் வைக்க வேண்டும். புது இழை போடட்டுமா, இங்கேயே கேட்கலாமா?

கோடு_மட்டும் | சனி, காலை 6.41

புது இழை போடுங்கள். தலைப்பில் ஊர்ப் பெயர் வேண்டாம்.